கப்பல் நிற்கும் பத்து மணி நேரம்

ஊர் காணப் புறப்படுவோரில் இரு வகையினர் உண்டு. எத்தனை இடங்களைக் கண்டோம் என்று கணக்கிடுவோர் ஒரு வகை; கண்ட இடத்தில் எதை அறிந்தோம் என்று எண்ணிப் பார்ப்போர் மற்றொரு வகை. உல்லாசக் கப்பலில் செல்வோர் பெரும்பாலும் முதல் வகையினராகிவிடுகின்றனர். கப்பல் துறைமுகத்தில் நிற்பது சில மணி நேரமே அன்றோ! இப்போது நம் பகுதிக் குடும்பங்களும் இத்தகைய பயணங்களை மேற்கொள்வதால், அண்மையில் கொச்சியில் நாங்கள் கழித்த ஒரு பகலைப் பற்றி எழுத விழைகிறேன்.

கலவையில் வாழும் என் தமையனார், இராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிலில் முப்பத்திரண்டு ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். அவருடைய மக்கள் மூவரும் பணம் சேர்த்து, பெற்றோரை மும்பையிலிருந்து கொச்சி செல்லும் கப்பலில் அனுப்பினர். துணைக்கு என்னையும் சேர்த்தனர். கப்பலார் நடத்தும் பேருந்துச் சுற்றில் நான்கு மணி நேரத்தில் ஏழு இடங்கள். அண்ணனுக்கோ முழங்கால் வலி.

"சாமி, அவங்க வேகத்துக்கு என்னால நடக்க முடியாது. உங்க அண்ணியைக் கூட்டிக்கிட்டுப் போய்ட்டு வாங்க. நான் கப்பல்லயே இருக்கேன்" என்றார்.

அறுபத்தெட்டாம் வயதில் முதன்முதலாகக் கடற்பயணம் செய்தவர், கரை வந்தும் இறங்காதிருப்பதா? தனியே செல்வதென்றும், அவர் நடையே எங்கள் நடை என்றும் முடிவு செய்தோம். தனியே செல்வோர் ஒன்றை மறத்தல் ஆகாது. தான் அனுப்பிய பேருந்து தாமதித்தால் கப்பல் காத்திருக்கக்கூடும். தாமாகச் சென்றவருக்குக் காத்திராது. மாலை ஆறு மணிக்குப் புறப்பாடு. ஐந்துக்குள் ஏறிவிட வேண்டும். ஆகவே மூன்றரை மணிக்கு எங்கிருந்தாலும் திரும்புவதென உறுதி செய்துகொண்டோம்.

கப்பல் நின்ற வெல்லிங்டன் தீவு இயற்கையானதன்று. ராபர்ட் பிரிஸ்டோ என்னும் ஆங்கிலப் பொறியாளர் துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது, தோண்டிய மண்ணைக் கொண்டு உருவாக்கிய நிலம். அங்கிருந்து ஆட்டோவில் தோப்பும்படிப் பாலத்தைக் கடந்து கோட்டைக் கொச்சியை அடைந்தோம்.

முதலில் புனித பிரான்சிஸ் ஆலயம். போர்த்துக்கீசியர் 1503-இல் மரத்தால் எழுப்பி, பின்னர்க் கல்லால் கட்டியது. 1524-இல் கொச்சியில் இறந்த வாஸ்கோட காமா இங்கேதான் புதைக்கப்பட்டார்; பின்னர் அவருடைய எலும்புகள் லிஸ்பனுக்குக் கொண்டு செல்லப்பட்டன. 1663-இல் டச்சுக்காரரும், 1795-இல் ஆங்கிலேயரும் நகரைக் கைப்பற்ற, ஆலயமும் கை மாறிற்று. இன்று அது தென்னிந்தியத் திருச்சபையினுடையது. எல்லோரும் கல்லறைக் கல்லைப் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணன் மேலே தொங்கும் பழைய துணி விசிறிகளையே பார்த்திருந்தார். "இதுக்குக் கயிறு இழுத்தவன் எங்க உக்காந்திருப்பான்?" என்று கேட்டார். வெளியே அமர்ந்து இழுப்பார்களாம் என்றேன். "அப்ப, காத்து உள்ள, வேர்வை வெளிய" என்றார்.

அருகிலுள்ள திருச்சிலுவைப் பேராலயத்தில் மன்றாடினோம். டச்சுக்காரர் விட்டுவைத்த பழைய ஆலயத்தை ஆங்கிலேயர் இடித்தனர். அதன் கற்றூண் ஒன்று இன்றும் வளாகத்தில் நிற்கிறது. இப்போதுள்ளது 1905-இல் அருட்பொழிவு பெற்றது. கடற்கரையில், கயிற்றில் கட்டிய கற்களின் எடையால் சீன வலைகள் எழுவதையும் தாழ்வதையும் கண்டோம்.

நாங்கள் தமிழர் என்றறிந்த ஆட்டோ ஓட்டுநர், "உங்கள் ஆட்கள் இங்கே உண்டு" என்று கூறி, வெளி என்னும் பகுதியிலுள்ள சலவைக் கூடத்துக்கு அழைத்துச் சென்றார். படையினரின் உடைகளை வெளுக்கத் தமிழகத்திலிருந்து டச்சுக்காரர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் வண்ணார் மக்களின் வழியினர் அங்கே உழைக்கின்றனர். இப்போதைய கூடத்தை 1976-இல் கொச்சி வளர்ச்சிக் குழுமம் கட்டித் தந்தது. துவைத்து, கஞ்சி தோய்த்து, முறுக்கிய இரட்டைக் கயிற்றின் நடுவே துணியின் நுனியைச் செருகி உலர்த்துகின்றனர், கவ்விகள் தேவைப்படுவதில்லை.

முதியவர் ஒருவர் மலையாளம் கலந்த தமிழில், "ஐயாவுக்கு என்ன தொழில்?" என்றார். அண்ணன் விடை கூறாமல் தம் கைகளை நீட்டினார். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோல் எடுத்து வெடித்து ஆறிய கைகள். அவரும் நீரில் ஊறிய தம் கைகளை நீட்டினார். பின்னர் இருவரும் திண்ணையில் அமர்ந்து, கூலி, தண்ணீர், இத்தொழிலுக்கு வர விரும்பாத பிள்ளைகள் என்று பேசத் தொடங்கினர். மட்டாஞ்சேரி அரண்மனையும், 1568-இல் எழுந்த யூதத் தொழுகைக் கூடமும் எங்கள் பட்டியலில் எஞ்சியிருந்தன. அண்ணி கடிகாரத்தைக் காட்டினார். நான் பேச்சைக் கலைக்கவில்லை. மூன்றரை ஆயிற்று, புறப்பட்டோம்.

அந்தத் தொழுகைக் கூடத்தைக் காணாதது எனக்கு வருத்தமே. அன்பர்கள் செல்ல நேரின், அரண்மனை வெள்ளியன்றும் தொழுகைக் கூடம் ஓய்வு நாளான சனியன்றும் மூடியிருக்கும் என்பதை மனத்திற்கொண்டு நாளைத் தேர்க. இரண்டு இடங்கள் போதும். அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். திரும்பும் நேரத்தில் மட்டும் கண்டிப்பாயிருங்கள். வீட்டில் மெதுவாக நடப்பவர் ஒருவர் இருப்பின், அவரை விட்டுச் செல்லாதீர்கள். அவரை முன்னே நடக்க விடுங்கள். நாம் பார்க்கத் தவறுவதை அவர் நமக்குக் காட்டக்கூடும்.