கிளாஸ்கோ நகரில் ஓராண்டு



உங்களில் பலர் சொந்த ஊரைவிட்டுப் புறப்பட்டு, பெங்களூரிலோ மும்பையிலோ டெல்லியிலோ குடியேறியவர்கள். புதிய நகரத்தில் கால் வைத்த முதல் நாள் உங்கள் நினைவைவிட்டு நீங்கியிராது. இன்று உங்கள் பிள்ளைகளில் சிலர் உங்களைவிட நெடுந்தொலைவு செல்ல ஆயத்தமாயிருக்கிறார்கள். அவர்களுக்கும், அவர்களை வழியனுப்பும் உங்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தோடு, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நான் மாணவியாய்க் கழித்த ஓராண்டைக் குறித்து எழுதுகிறேன்.

இருண்ட நகரம்

பொதுச் சுகாதாரத்தில் முதுகலைப் பட்டம் பயிலுவதற்காக 2022 செப்டம்பர் இறுதியில் அங்கே போய்ச் சேர்ந்தேன். பெங்களூரில் அப்பா வாங்கியிருந்த சிறு மனையை அடகு வைத்தே கட்டணம் கட்டினோம். அவ்வாண்டு அந்நகரில் மாணவருக்கு வாடகை அறை கிடைப்பது அரிதாயிருந்தது. இரண்டு வாரம் விடுதியொன்றில் ஆறு பேரோடு ஒரே அறையில் தங்கிய பின்பே எனக்கு ஓர் அறை அகப்பட்டது. மணற்கல்லால் கட்டிய, நான்கு தளங்கள் கொண்ட பழைய வீடு அது. ஒரே படிக்கட்டைச் சுற்றி எட்டுக் குடும்பங்கள் குடியிருந்தன.

முதல் மூன்று மாதங்களில் அந்நகரைக் குறித்து என் மனதில் நல்லதொன்றும் தோன்றவில்லை. மழை ஓயாது. நம்மூர் மழையைப்போல் பொழிந்துவிட்டுப் போவதுமில்லை. நாள் முழுதும் நசநசவென்று தூறிக்கொண்டேயிருக்கும். டிசம்பரில் காலை எட்டே முக்காலுக்குப் புலர்ந்து, பிற்பகல் மூன்றே முக்காலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். உக்ரைன் போரினால் எரிவாயு விலை ஏறியிருந்தபடியால், அறையைச் சூடாக்கும் கருவியை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போடத் துணியவில்லை. பாட்டி தந்துவிட்ட கம்பளியைப் போர்த்திக்கொண்டு படித்தேன்.

மக்கள் பேசியது ஆங்கிலம்தான் என்பதையே முதல் வாரம் நான் நம்பவில்லை. கீழ்வீட்டு மூதாட்டி என்னைக் காணும்போதெல்லாம் "ஹென்" என்று அழைத்தார். கோழி என்று பொருள்படும் அச்சொல்லைக் கேட்டு, நிறத்தைக் கண்டு இகழுகிறார் என்றெண்ணி முகம் திருப்பிப் போனேன்.

நவம்பர் கடைசியில் ஒருநாள் அப்பாவைத் தொலைபேசியில் அழைத்து, "திரும்பி வந்துவிடுகிறேன் அப்பா, இந்த ஊர் எனக்கு ஆகாது" என்று அழுதேன். அடகு வைத்த மனையைக் குறித்து அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "நான் மூணாற்றிலிருந்து பெங்களூர் வந்த புதிதில், மார்க்கெட் நடைபாதையில் நின்று இதையேதான் சொன்னேன் அம்மா. ஊர் ஆகாதா, தனிமை ஆகாதா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. வசந்தம் வரட்டும், அதற்குப் பிறகு முடிவு செய்" என்றார்.

திறந்த கதவுகள்

அதன்பின் நகரத்தை அறிய முயன்றேன். அங்கே 1896-இல் திறக்கப்பட்ட சுரங்க ரயில் ஒன்று உண்டு. பதினைந்தே நிலையங்கள், பாதை ஒரே வட்டம். இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டாலும் உட்கார்ந்தேயிருந்தால் ஏறக்குறைய இருபத்து நான்கு நிமிடத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். வழி தவறிவிடுவேனோ என்று அஞ்சிக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய ஆறுதலாயிற்று.

1901-இல் திறக்கப்பட்ட கெல்வின்குரோவ் அருங்காட்சியகத்தில் நுழைவுக் கட்டணமில்லை. குளிர் தாங்காத நாட்களில் அங்கே சென்று அமருவேன். நண்பகலுக்குப் பின் ஒருவர் வந்து பெரிய ஆர்கன் வாத்தியத்தை வாசிப்பார். கம்பளிக் குல்லாய் அணிந்த முதியவர்கள் வந்து அமைதியாய்க் கேட்டுச் செல்வார்கள். பேருந்திலிருந்து இறங்கும் ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குவதையும் அந்நாட்களில்தான் கவனித்தேன். வந்த நாள்முதல் அது நடந்துகொண்டேயிருந்தது. என் காதில்தான் விழவில்லை.

டிசம்பரில் உறைபனி பெய்த ஒரு நாள், காய்ச்சலாய்ப் படுத்திருந்தேன். கதவு தட்டப்பட்டது. பருப்பும் காரட்டும் இட்ட சூப்புப் பாத்திரத்தோடு அந்த மூதாட்டி நின்றார். "இரண்டு நாளாய் உன் காலடிச் சத்தம் கேட்கவில்லையே, ஹென்" என்றார். "ஹென்" என்பது அங்குள்ள மூத்தவர்கள் பெண்பிள்ளைகளை அன்பாய் விளிக்கும் சொல் என்று பின்னர் அறிந்தேன். என் பாட்டி "தாயி" என்பதற்கு அது ஈடு. அன்பின் சொல்லுக்கு மூன்று மாதம் முகம் திருப்பியிருக்கிறேனே என்று வெட்கப்பட்டேன்.

தெருக்களின் பெயர்கள்

வாசகரே, இத்துடன் முடித்தால் இது இனிய கதையாயிருக்கும். ஆனால் என் எண்ணம் மீண்டும் ஒருமுறை மாறியது.

வசந்தத்தில் நகரின் நடுப்பகுதியில் சுற்றி நடந்தேன். ஜமைக்கா தெரு, வர்ஜீனியா தெரு என்று பெயர்ப்பலகைகள் இருந்தன. ஈரமும் குளிருமான இந்த ஊரில் ஜமைக்காவுக்கு என்ன வேலை என்று கேட்டுப் படித்தேன். பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் புகையிலையாலும் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையாலும் இந்நகர வணிகர் செல்வரானார்கள். அவற்றை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். இன்று நவீன ஓவியக் கூடமாயிருக்கும் தூண்கள் நிறைந்த மாளிகையின் முற்பகுதி, 1778-இல் ஒரு புகையிலை வணிகர் கட்டிய வீடே. இவற்றை அந்நகரம் மறைக்கவில்லை. அடிமை வணிகத்தால் தான் பெற்ற பயனைக் குறித்து கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 2018-இல் அறிக்கை வெளியிட்டது. 2022 மார்ச்சில் நகர சபை மன்னிப்புக் கோரியது.

அப்படிப் படித்துவருகையில் ஜேம்ஸ் ஃபின்லே என்ற நிறுவனத்தின் பெயரைக் கண்டேன். 1750-இல் கிளாஸ்கோவில் தோன்றி, பஞ்சாலைகள் நடத்தி, பின்னர் தேயிலையில் இறங்கிய நிறுவனம் அது. 1897-இல் மூணாற்றின் மலைகளில் தேயிலை பயிரிடக் கண்ணன் தேவன் நிறுவனத்தை ஏற்படுத்தியவர்களும் அவர்களே. திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறி, அதே மலையில் கூடை சுமந்து கொழுந்து பறித்தவர் என் பாட்டி. "எங்க துரைமாருக்குச் சீமை ஊரு, எப்பவும் குளிராம்" என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தச் சீமை ஊரில்தான் அவர் தந்த கம்பளியைப் போர்த்தியபடி நான் உட்கார்ந்திருந்தேன்.

அந்நிறுவனத்தின் பழைய ஏடுகள் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அனுமதி பெற்றுச் சென்று சிலவற்றைப் புரட்டினேன். பாட்டியின் பெயரை நான் தேடவில்லை. பல்லாயிரம் பேரில் ஒருவரான அவருடைய பெயர் கடல் கடந்து வந்திருக்க நியாயமில்லை. ஆயினும் மூணாறு என்ற ஊர்ப்பெயரைக் கண்டபோது கண்கள் நிறைந்தன. வெளியே வந்து பார்த்தால், முந்தைய வாரம் நான் வியந்த கல் மாளிகைகள் எல்லாம் வேறாய்த் தெரிந்தன. எவருடைய உழைப்பில் எழுந்த அழகு இது என்ற கசப்பு சில வாரம் என்னைவிட்டு அகலவில்லை.

ஒரு கோப்பை தேநீர்

அந்தக் கசப்பை மூதாட்டியிடமே ஒருநாள் சொல்லிவிட்டேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு தம் தந்தையைப் பற்றிச் சொன்னார். கிளைட் ஆற்றங்கரையில் கப்பல் கட்டும் தளத்தில் இரும்புத் தகடுகளுக்கு ஆணியறைந்தவர் அவர். அந்த ஓசையில் நாற்பது வயதுக்குள் செவி மந்தமாயிற்று. பின்பு தளம் மூடப்பட, வேலையுமில்லை. அண்ணன்மார் இருவர் பிழைப்புக்காகக் கனடா சென்று அங்கேயே அடங்கினார்கள்.

ஜூன் மாதத்து மாலையொன்றில், அவர் வீட்டு மேசையிலிருந்தே பாட்டியைக் காணொளியில் அழைத்தேன். அங்கே இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும் காலம் அது. நம் நாட்டிலோ நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது. எனினும் பாட்டி தூங்காமல் காத்திருந்தார். மூதாட்டி கோப்பையை உயர்த்திக் காட்டினார். அதன் நிறத்தை உற்றுப் பார்த்த பாட்டி, "நல்லாத்தான் போட்டிருக்காக" என்று சான்று கூறினார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "அவுக அப்பா செஞ்ச கப்பல்லயா நம்ம தேயிலை போச்சு?"

நான் மொழிபெயர்த்தேன். மூதாட்டி சிரித்தார். "போயிருக்கலாம். தாம் கட்டிய கப்பல் எங்கே போயிற்று என்று என் அப்பாவுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை" என்றார்.

பாட்டி தலையசைத்தார். "நாங்க பறிச்சது எங்க போச்சுன்னு எங்களுக்கும் தெரியாதே" என்றார்.

வாசகரே, அந்நகரைக் குறித்து என் எண்ணம் நிலைபெற்றது அந்த மேசையில்தான். முதலில் வெறுத்ததும், பின்பு வியந்ததும், அதன்பின் கசந்ததும் ஒரே நகரமே. அவற்றில் எதுவும் பொய்யன்று, எதுவும் முழுமையுமன்று. மாளிகை கட்டிய வணிகனுக்கு மாத்திரமல்ல, செவி இழந்த தொழிலாளிக்கும், விரலில் தேயிலைக் கறை படிந்த என் பாட்டிக்கும் அந்த ஊரில் பங்குண்டு.

2023 செப்டம்பரில் படிப்பை முடித்துத் திரும்பினேன். இப்போது பெங்களூரில் வேலை செய்கிறேன், மனையும் மீண்டுவிட்டது. உங்கள் மகனோ மகளோ முதல் குளிர்காலத்தில் அழைத்து "இந்த ஊர் ஆகாது" என்று அழுதால், உடனே கடிந்துகொள்ளாதிருங்கள். உடனே பயணச்சீட்டும் வாங்காதிருங்கள். உடல்நலமும் பாதுகாப்பும் குன்றாதிருக்கின்றனவா என்று முதலில் விசாரியுங்கள். பின்பு, படிக்கட்டில் எதிர்ப்படுகிறவரின் பெயரைக் கேட்டு அறியச் சொல்லுங்கள். நீங்கள் குடியேறிய நகரத்தில் உங்கள் முதல் ஆண்டு எப்படியிருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். என் அப்பா அதைச் சொல்லியிராவிட்டால், கிளாஸ்கோ இன்றும் எனக்கு ஓர் இருட்டறையாகவே இருந்திருக்கும்.