அரை மில்லிமீட்டர்

காங்கேயம் பக்கத்துக் கிராமத்துக் குழந்தை. பிறந்து ஒரு நாள்தான், எடை 2.6 கிலோ. வாயில் நுரை தள்ளிக்கொண்டே இருந்ததால் கோவைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். உணவுக்குழாய் பாதியில் மூடி, கீழ்ப்பாதி மூச்சுக்குழாயோடு ஒட்டிக்கொண்ட பிறவிக் குறை. மயக்க மருத்துவர்களின் வேலையைப் பார்த்து எழுத அனுமதி வாங்கியிருந்தேன். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் குழந்தையின் அப்பாரு (தாத்தா) என் கையைப் பிடித்தார். "பையன் பொழச்சுக்குவானுங்களா?" எனக்குப் பதில் வரவில்லை.

உள்ளே டெக்னீஷியன் தட்டில், மூச்சுக்குழாயில் இறக்கும் மூன்று டியூப்களை வரிசையாக வைத்தார். உள்விட்டம் 2.5, 3, 3.5 மில்லிமீட்டர். "எடையைப் பார்த்துத்தான் எடுக்கறோம். ஆனா எது போகும்னு தொண்டைதானுங்க சொல்லணும்" என்றார்.

மயக்க மருத்துவர் 3.5ஐ நுழைத்தார். குரல்நாண்களைத் தாண்டிய டியூப், வளையக் குருத்தெலும்பு அருகே நின்றுவிட்டது. அவர் தள்ளவில்லை. வெளியே எடுத்தார், மெல்ல ஆக்சிஜன் கொடுத்தார். "மூணு குடுங்க." அப்படித் தள்ளாமல் விட்டதுதான் இந்தத் தொழிலின் உச்சம் என்று எனக்குப் பட்டது. சிசுவின் மூச்சுவழியின் விட்டம் சுமார் 4 மில்லிமீட்டர். உரசலில் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் காற்று போகும் பரப்பு கால்வாசியாகிவிடும், தடை 16 மடங்காகும். அதற்காக மிகச் சிறியதைப் போட்டாலும் ஆபத்துதான். 2.5ஐ ஒரு துளிச் சளியே அடைத்துவிடும்.

3 வழுக்கிக்கொண்டு இறங்கியது. உதட்டருகே எத்தனை சென்டிமீட்டர் என்பதற்கு எடையோடு 6ஐக் கூட்டும் கணக்கு உண்டு, இங்கே 8.6. ஆனால் இந்தக் குறையில் அந்தக் கணக்கு மட்டும் போதாது. காற்று வயிற்றுக்குப் போய்விடாதபடி டியூபின் நுனி, இரு குழாய்களும் சேரும் ஓட்டைக்குக் கீழே நிற்க வேண்டும். ஆழமாக இறக்கி, ஸ்டெதஸ்கோப்பில் கேட்டுக்கொண்டே மயிரிழை மயிரிழையாக இழுத்தார். இரண்டு நுரையீரலிலும் ஓசை வந்ததும் பிளாஸ்திரி ஒட்டினார். பிறகு கழுத்தில் வைத்து என்னையும் கேட்கச் சொன்னார். 20 சென்டிமீட்டர் நீரழுத்தத்தில் டியூபைச் சுற்றி மெல்லிய சீறல். அந்தக் கசிவு இருந்தால் டியூப் இறுக்கமில்லை என்று பொருள்.

கஃப், அதாவது டியூபைச் சுற்றி ஊதிப் பெருக்கும் சிறு பலூன், வைத்த டியூப் பற்றிக் கேட்டேன். 2009இல் வெளியான ஓர் ஆய்வில் ஐரோப்பாவின் 24 மையங்களில் 2,246 குழந்தைகளிடம் இரண்டு வகையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கஃப் இல்லாதவற்றில் 30.8 சதவீதம் பேருக்கு டியூபை மாற்ற வேண்டியிருந்தது, கஃப் உள்ளவற்றில் 2.1 சதவீதம்தான். "அந்த ஆய்வு 3 கிலோவுக்கு மேலங்க. இவன் அதுக்குக் கீழ" என்றார். வலக்கை, மூச்சுக் கொடுக்கும் ஜாக்சன் ரீஸ் பையை அமுக்கிக்கொண்டே இருந்தது. 1950இல் லிவர்பூலில் பிறந்த ஏற்பாடு அது.

ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள் அப்பாரு போனில் கூப்பிட்டார். "டியூப்பு எடுத்துட்டாங்க. நல்லாக் கத்தறானுங்க."

பிறந்த குழந்தைக்கு மயக்கம் கொடுக்கும் எந்த அறையிலும் இந்த மூன்று அளவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மருத்துவமனை நடத்துகிறவர்கள் இன்றே தட்டைத் திறந்து எண்ணிப் பாருங்கள்.