குடியிருந்தவர் பெயரால் ஒரு வீடு

பழைய தில்லியின் சாந்தினி சௌக்கிலிருந்து தெற்கே பிரியும் பல்லிமாரான் தெருவில் இன்று மூக்குக்கண்ணாடிக் கடைகளும் காலணிக் கடைகளும் நெருங்கி நிற்கின்றன. அங்கிருந்து காசிம்ஜான் சந்துக்குள் திரும்பினால், வளைந்த நுழைவாயில் கொண்ட பழைய வீடொன்று தென்படும். உருதுக் கவிஞர் மிர்ஸா காலிப் தம் இறுதிக்காலத்தைக் கழித்த வீடு அது. 'காலிப் ஹவேலி' என்றே அதனை அனைவரும் அழைக்கின்றனர். ஆயின் மாணவர்களே, அவ்வீடு ஒருநாளும் அவருக்குச் சொந்தமாக இருந்ததில்லை.

1797ஆம் ஆண்டு ஆக்ராவில் பிறந்த காலிப், இளம்வயதிலேயே மணமுடித்துத் தில்லியில் குடியேறினார். அதன்பின் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பிறர் வீடுகளிலேயே வாழ்ந்தார். வீடு மட்டுமன்று, நூல்களையும் அவர் விலைக்கு வாங்கியதில்லை. வாடகைக்கே பெற்றுப் படித்தார் என்று அவர்தம் மாணவர் ஹாலி எழுதியுள்ளார். மழைக்காலத்தில் கூரை ஒழுகுவதைப் பற்றி நண்பர்களுக்குக் காலிப் வரைந்த கடிதங்கள் நகைச்சுவை மிக்கவை. சிரித்து முடித்த பின்னரே அம்முதியவரின் துன்பம் நமக்கு உறைக்கும்.

அவருக்குப் பிறந்த குழந்தைகள் எழுவரும் மழலைப் பருவத்திலேயே இறந்தனர். மனைவியின் உறவினரான ஆரிஃப் என்பவரை மகனாகக் கருதினார். அவரும் இளமையிலேயே மறைந்தார். ஆரிஃபின் இரு புதல்வர்களைக் காலிப்பே வளர்த்தார். அச்சிறுவர்கள் வெறுங்காலுடன் தம் கட்டிலில் ஏறுவதையும், தண்ணீரைக் கொட்டுவதையும் கடிதமொன்றில் குறிப்பிடும் அவர், தமக்கு அதனால் சினம் வருவதில்லை என்கிறார்.

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கி ஆங்கிலேயர் தில்லியைக் கைப்பற்றியபோது, நகர மக்களுள் பெரும்பாலோர் வெளியேற நேர்ந்தது. காலிப் வாழ்ந்த பகுதி ஓரளவு தப்பியது. பட்டியாலா மன்னருக்கு மருத்துவம் பார்த்த ஹக்கீம்கள், அதாவது யுனானி மருத்துவர்கள், அங்கு வாழ்ந்தமையால் மன்னரின் வீரர்கள் தெருவுக்குக் காவல் நின்றனர். ஆனால் வேறிடத்தில் இருந்த தம்பி யூசுப் இறந்தபோது சவத்துணி வாங்கவும் வழியில்லை. வீட்டிலிருந்த வெள்ளை விரிப்புகளில் சுற்றியே உடலை அடக்கம் செய்தனர். இதனைத் 'தஸ்தன்பூ' என்னும் பாரசீக நூலில் காலிப்பே பதிவு செய்துள்ளார்.

1869 பிப்ரவரி 15 அன்று அவர் மறைந்தார். நிஜாமுதீனில் அவரை அடக்கம் செய்த நிலமும் மனைவியின் குடும்பத்தாருக்குரியதே. காசிம்ஜான் சந்து வீடோ பலர் கைமாறிக் கடைகளும் பட்டறைகளுமாகச் சிதைந்தது. நெடுங்காலத்திற்குப் பின் அரசு அதன் ஒரு பகுதியை மட்டும் மீட்டுச் செப்பனிட்டு, 2000ஆம் ஆண்டில் நினைவகமாக்கியது. உள்ளே அவருடைய மார்பளவுச் சிலை உள்ளது. தில்லிக்குச் சென்றால், 'லக்கோரி' எனப்படும் மெல்லிய சிறு செங்கற்களையும், நீங்கள் இந்தியில் 'ஆங்கன்' எனக் கூறும் முற்றத்தையும் பார்க்க மறவாதீர்கள்.