காத்திருக்கும் வண்டி

நல்லர்போர் சமவெளியில் வண்டியை நிறுத்த இடம் தேட வேண்டியதில்லை. தார் முடிந்தால் ஜல்லி, ஜல்லி முடிந்தால் குட்டைப் புதர், அதற்கப்பால் வானம். ஆனாலும் நான் இடம் பார்த்துத்தான் நிறுத்துவேன். ஓடி வருகிறவர் கண்ணுக்கு வேன் எவ்வளவு தூரத்தில் தட்டுப்பட வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. ரொம்ப முன்னாலேயே தெரிந்துவிட்டால், ஓட ஓட அந்த வெள்ளைப் புள்ளி கிட்டவே வராது. அபூர்வமாக ஒரு மேடு வந்தால் அதைத் தாண்டி, அந்தப் பக்கம் நிறுத்துவது நல்லது. மாப்பிள்ளை இதை என்னிடம் சொன்னதில்லை. பெர்த்தை விட்டுக் கிளம்பிய புதிதில், வேனை நெருங்கும்போது அவர் முகம் இருந்த இருப்பைப் பார்த்து நானாகப் புரிந்துகொண்டது.

தங்கையைக் கட்டியவர். பெர்த்தில் வேலை. அங்கிருந்து சிட்னி வரைக்கும் ஆஸ்திரேலியாவின் குறுக்கே ஓடப்போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் யாரும் சரியாக வாய் திறக்கவில்லை. "வேன் ஓட்ட நீங்க வந்தா தைரியமா இருக்கும் மச்சான்" என்று மதுரைக்குப் போன் போட்டார். எனக்கு ஓட்டம் தெரியாது. வண்டி தெரியும். போனேன்.

எத்தனையோ நாட்களில் அந்த ஆகஸ்ட் மாத நாள் ஒன்றுதான் அடிக்கடி வந்து நிற்கிறது. முந்தின நாள் மேற்கு ஆஸ்திரேலியாவின் எல்லையைத் தாண்டியிருந்தோம். அந்த எல்லையோரத்துச் சில ஊர்களுக்கு மட்டும் தனியாக ஒரு நேரம் உண்டு. கிரீன்விச்சுக்கு எட்டே முக்கால் மணி நேரம் முன்னால். அங்கிருந்து தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் கால் வைத்தால் கடிகாரத்தை 45 நிமிடம் தள்ளி வைக்க வேண்டும். அடுத்த பெட்ரோல் பங்க், நல்லர்போர் ரோடுஹவுஸ். 184 கிலோமீட்டர். நடுவில் கடை கிடையாது, குழாய் கிடையாது.

விடியலில் நல்ல குளிர். வேன் கண்ணாடி முழுக்கப் பனி இறங்கியிருந்தது. துணியால் துடைத்துப் பிழிந்தபோது சொட்டுச் சொட்டாக விழுந்த தண்ணீரைப் பார்த்ததும் எட்வர்ட் ஜான் அயரின் ஞாபகம் வந்தது. 1841இல் இதே கரையோரமாகக் கிழக்கிலிருந்து மேற்கே போனவர். குடிக்கத் தண்ணீரில்லாமல், செடிகளில் படிந்த பனியைக் கடற்பஞ்சால் ஒற்றி எடுத்துப் பாத்திரத்தில் பிழிந்திருக்கிறார். கூட இருந்த வைலி என்ற நூங்கார் இளைஞரும் மற்றப் பூர்வகுடிப் பையன்களும், மெல்லிய புல்லை ஒரு கைப்பிடி பிடுங்கி அதனாலேயே பனியை வழித்தார்கள். சுமார் இரண்டு லட்சம் சதுர கிலோமீட்டர் சுண்ணாம்புக்கல் இந்தச் சமவெளி. பெய்கிற மழை பொந்துகளிலும் குகைகளிலும் இறங்கிவிடும். மேலே ஓர் ஆறு ஓடாது. வழியில் பூர்வகுடிகள் மணல்மேடுகளில் தோண்டி வைத்திருந்த ஊற்றுகள்தான் அயரின் உயிரைக் காப்பாற்றின. எங்களுக்கு அந்தக் கவலையில்லை. கேன் கேனாகத் தண்ணீர் வைத்திருந்தோம். வைத்திருந்தும், மூடியைத் திறக்கும்போதெல்லாம் கை கொஞ்சம் நிதானித்தது.

காலைக்கு அவருக்கு உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கு. கால் விரல்களுக்குத் தனித்தனியாக டேப் சுற்ற வேண்டும். வலது சுண்டுவிரல் கொப்புளித்துவிட்டதால் அந்த ஷூவின் ஓரத்தைக் கத்தியால் அறுத்து விட்டிருந்தேன். அங்கே வண்டிகள் இடப்பக்கம் போகும். ஓடுகிறவர் எதிர்ப்பக்கத்தில், வருகிற வண்டியைப் பார்த்தபடி ஓட வேண்டும். சாலையின் ஓரம் தண்ணீர் வடிவதற்காகச் சரிந்திருக்கும். அந்தச் சரிவிலேயே நாள் முழுக்க ஓடினால் ஒரு கால் மட்டும் தாழ்ந்தே விழும். இடுப்பு ஒரு பக்கமாக வலிக்க ஆரம்பிப்பது இதனால்தான். வண்டி வராத நேரத்தில் நடுக்கோட்டுக்குப் போய் ஓடுவார். எதிரே புள்ளி தெரிந்ததும் ஓரத்துக்குத் திரும்புவார்.

லாரிகளுக்குச் சொல்வது என் வேலை. ரேடியோவில் 40ஆம் சேனலில் எல்லா டிரைவர்களும் இருப்பார்கள். "கிழக்கே போகிற ஓட்டக்காரர் ஒருவர், வெள்ளை வேனுக்குப் பின்னால்" என்று நான் சொன்னதும் எங்கிருந்தோ ஒரு கரகரத்த குரல் "சரி, பார்த்துக்கொள்கிறேன்" என்று பதில் தரும். இரண்டு டிரெய்லர் கோத்த லாரி 36 மீட்டர் நீளம் இருக்கும். கடக்கும்போது காற்று முதலில் ஆளைத் தள்ளும், அடுத்த நொடி இழுக்கும். தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையை அவர் உயர்த்துவார். டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார். அந்த ஊரின் வணக்கம் அது. முகம் தெரியாத அந்த டிரைவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் அப்படியொரு மரியாதை. எங்களுக்காகக் கிலோமீட்டர் கணக்கில் வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள்.

மற்ற நேரமெல்லாம் காத்திருப்பு. ஐந்து கிலோமீட்டர் முன்னால் போய் நிறுத்தி, பாட்டிலை நிரப்பி, தயிர்சாதத்தைக் கரைத்து வைத்துவிட்டு, பின்புறக் கண்ணாடியில் மேற்கைப் பார்த்துக்கொண்டிருப்பது. அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் டக் ஆல்வர்டை நினைப்பேன். 1980இல் செயற்கைக் காலோடு கனடாவின் குறுக்கே ஓடிய டெர்ரி ஃபாக்ஸை எல்லாருக்கும் தெரியும். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட ஓடியவர். அவருக்கு வேன் ஓட்டிய நண்பர்தான் டக். ஒவ்வொரு மைலுக்கும் முன்னால் போய் நிறுத்தி, தண்ணீரோடு நின்றவர். தொடக்க வாரங்களில் இருவருக்கும் பேச்சே நின்றுபோகிற அளவுக்கு மனக்கசப்பு. டெர்ரியின் தம்பி டாரல் வந்து சேர்ந்த பிறகுதான் வேனுக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டிருக்கிறது. 143 நாள், 5,373 கிலோமீட்டர். செப்டம்பர் 1ஆம் தேதி தண்டர் பே நகருக்கு வெளியே இருமலும் நெஞ்சுவலியுமாக ஓடி, சாலையோரம் கைதட்டியவர்கள் தீர்ந்த பிறகே டெர்ரி வேனில் ஏறினார். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னது டக்கிடம்தான். மைல் மைலாக நிறுத்திப் பழகிய வண்டியை அன்றைக்கு நிறுத்தாமல் ஓட்டிய அந்த மனிதரின் கைகளை நான் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன்.

மாப்பிள்ளையும் நானும்கூட அன்று முற்பகலில் பேசிக்கொள்ளவில்லை. சண்டை ஒன்றுமில்லை. வார்த்தைக்கும் மூச்சு வேண்டுமே. பாட்டிலை வாங்குவார், குடிப்பார், தலையசைப்பார், போவார். அந்தத் தலையசைப்பில் வலி எவ்வளவு, பசி எவ்வளவு என்று பிரித்துப் படிக்கப் பழகியிருந்தேன்.

அயரின் பயணத்திலும் கூடவே நின்ற ஒருவர் உண்டு. ஏப்ரல் 29 இரவு, குதிரைகளைக் காவல் பார்த்துவிட்டு அவர் திரும்பும்போது, கூட வந்த ஜான் பாக்ஸ்டர் சுடப்பட்டுக் கிடந்தார். கூட்டத்திலிருந்த வேறு இரண்டு பூர்வகுடிப் பையன்கள் உணவோடும் துப்பாக்கிகளோடும் போய்விட்டார்கள். தரை முழுக்க ஒரே பாறை; குழி தோண்ட முடியவில்லை. போர்வையில் சுற்றி அப்படியே விட்டுவிட்டு நடந்தார். வைலி போகவில்லை. ஜூலையில் ஆல்பனி சேரும் வரைக்கும் கூடவே இருந்தார். நாங்கள் ஓடிய 1,660 கிலோமீட்டர் நெடுஞ்சாலைக்கு அயரின் பெயர். மேற்கே கடற்கரையோரம் நீளும் ஒரு சரிவுக்கு வைலியின் பெயர். யூக்லா ஊருக்கு ஏறும் சரிவில் மாப்பிள்ளை மூச்சு வாங்க ஏறியபோது வைலியைப் பற்றிச் சொன்னேன். "அப்ப ரோட்டுக்குப் பாதிப் பேரு அவரோடதுதான் மச்சான்" என்றார். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது.

பிற்பகலில் நிறுத்திய இடத்திலிருந்து கடல் பக்கம். பண்டா பாறைச் சுவர். சமவெளி அறுத்துவிட்டாற்போல் முடிந்து, பல பத்து மீட்டர் செங்குத்தாகத் தெற்குக் கடலில் இறங்குகிறது. அவர் வர இன்னும் நேரமிருந்தது. விளிம்புக்கு எட்டி நின்று பார்த்தேன். கீழே ஒரு திமிங்கிலம், ஒட்டினாற்போல் குட்டி. குளிர்காலத்தில் குட்டி போட அண்டார்டிக் பக்கத்திலிருந்து இந்தக் கரைக்கு வருகிற இனம். தாய் அசையாமல் மிதந்தது. குட்டிதான் சுற்றிச் சுற்றி வந்தது.

திரும்பி வேனுக்கு ஓடினேன். அவர் வந்ததும் சொன்னேன். அவர் கண் கடல் பக்கம் போனது. பிறகு சாலையைப் பார்த்தார். "இப்ப நின்னா கால் இறுகிடும் மச்சான்" என்று சொல்லிவிட்டு ஓட்டத்தைத் தொடர்ந்தார்.

மாலையில் ஓட்டம் முடிந்த இடத்தில், வழக்கம்போல் ஓரக் கம்பத்தின் அடியில் கல் குவித்து அடையாளம் வைத்தேன். மறுநாள் அதே கல்லிலிருந்து தொடங்க வேண்டும். ஓரடிகூட வண்டியில் கடக்கக் கூடாது என்பது அவர் வைத்திருந்த விதி. கஞ்சியைக் குடித்துக்கொண்டே கேட்டார்: "குட்டி எம்புட்டுப் பெருசு இருக்கும்?"

விடிந்ததும் எழுப்பி, வேனில் ஏற்றி, வந்த வழியே பின்னால் கூட்டிப்போனேன். இரண்டும் அங்கேயே இருந்தன. போதும் என்று அவராகச் சொல்லும் வரை நான் வாய் திறக்கவில்லை. அன்று ஓட்டம் தொடங்க ஒன்பது மணியாகிவிட்டது.