தகுதி

2020 பிப்ரவரியில் எனக்கு முப்பது லட்சம் வாங்கும் தகுதி இருந்தது. ஜூனில் அது இருபத்திரண்டு லட்சமாகியிருந்தது. இடையில் நான் செய்த ஒரே காரியம் வீட்டிலேயே இருந்ததுதான்.

ஊரப்பாக்கத்தில் முப்பத்தெட்டு லட்சத்துக்கு ஒரு ஃபிளாட். கையிலிருந்த எட்டு லட்சத்தில் இரண்டை முன்பணமாகக் கொடுத்தாயிற்று. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, வக்கீல் பார்வை எல்லாம் முடிந்து வங்கி சாங்ஷன் கடிதமும் தந்திருந்தது. ஊரடங்கில் அதன் மூன்று மாத ஆயுள் முடிந்துபோனது. புதுப்பிக்கக் கடைசி மூன்று மாத சாலரி ஸ்லிப் கேட்டார்கள். ஏப்ரலிலிருந்து எங்கள் கம்பெனியில் முப்பது சதவீதம் பிடித்தம். அறுபதாயிரம் நாற்பத்திரண்டாயிரம் ஆகியிருந்தது.

வங்கியின் கணக்கு எளிமையானது. கைக்கு வரும் சம்பளத்தில் பாதிக்குமேல் தவணைக்குப் போகக்கூடாது. பாதி 21,000, பைக் கடனுக்கு 3,200 போக மிச்சம் 17,800. அதற்கு இருபது வருஷத்துக்கு எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், அதே மாதங்களில்தான் கடன் மலிவாகிக்கொண்டிருந்தது. ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை மார்ச்சில் 4.40க்கும் மே 22இல் 4.00க்கும் இறக்கியிருந்தது. டிவியில் 'வீடு வாங்க இதுவே தருணம்' என்றார்கள். யாருக்கு என்று சொல்லவில்லை.

"மாரடோரியம் எடுத்தீங்களா சார்?" என்று அதிகாரி கேட்டார். எடுத்தால் சிபில் ஸ்கோருக்குப் பாதிப்பில்லை என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருந்தது. இருந்தும் கேட்டார். இல்லை என்றேன். "நல்லதாப் போச்சு" என்றார். மனைவியின் வருமானத்தைச் சேர்க்க முடியுமா என்றேன். தனியார் பள்ளி ஆசிரியை. மூன்று மாதமாகச் சம்பளமே வரவில்லை. அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

பில்டர் செப்டம்பர் வரைக்கும் தவணை கொடுத்தார். அதுக்கு மேல முன்பணம் திரும்பாது.

ஆகஸ்ட் தொடக்கத்தில் தங்கம் பவுன் நாற்பதாயிரத்துக்கு மேல் இருந்தது. நகை மதிப்பில் 75 சதவீதம் வரை கொடுத்த வங்கிகள் 90 வரை கொடுக்கலாம் என்று அந்த மாதமே அறிவிப்பும் வந்தது. "இருபத்துநாலு பவுன் இருக்கு, கணக்குப் போடுங்க" என்றாள் மனைவி. தாலிச் செயின் சேர்த்தியில்லை. "அப்பாகிட்ட மட்டும் சொல்ல வேணாம்."

நகைக் கடன் கவுண்டரில் யாரும் சாலரி ஸ்லிப் கேட்கவில்லை. உரசிப் பார்த்தார்கள், எடை போட்டார்கள், ஒரு மணி நேரத்தில் எட்டு லட்சம். அதுவும் அதே வங்கி, பக்கத்து மேஜை. மாதத் தவணை கிடையாது, வருஷக் கடைசியில் அசலும் வட்டியும் என்பதால் பாதிச் சம்பளக் கணக்கிலும் அது வரவில்லை. என் பதினான்கு வருஷ வேலையை நம்பாத இடம் அவளுடைய ஆரத்தை நம்பியது. அந்தக் கோபம் இன்னும் முழுசாப் போகவில்லை.

வட்டி கட்டி மறு அடகு வைத்து, கொஞ்சங் கொஞ்சமாக மீட்டோம். ஆரம் 2023இல்தான் வந்தது. அதற்குள் ரெப்போ 6.50க்கு ஏறி, வீட்டுத் தவணையும் கூடவே ஏறியிருந்தது.

நடுவில் ஒரு கல்யாணத்தில் மாமனார் கேட்டார், "ஆரம் எங்கம்மா?"

"பேங்க்லதான் இருக்குப்பா" என்றாள்.