லாலி வந்த வழி: ராயபுரத்து மதிலில் ஓர் ஐரிஷ் பெயர்!

ராயபுரத்தின் தென்கோடியில், துறைமுகத்தை ஒட்டிய சாலையில் 'கிளைவ் பேட்டரி' என்று ஒரு பஸ் ஸ்டாப் இருக்கிறது. பேட்டரி என்றதும் டார்ச் லைட் பேட்டரி ஞாபகம் வந்தால் தப்பில்லை. ஆனால், இது பீரங்கிகளை வரிசையாக நிறுத்திவைக்கும் மேடை. அங்கிருந்து மேற்கே திரும்பினால் பழைய ஜெயில் சாலை. ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சாலைதான். தள்ளுவண்டிகளும் ஆட்டோக்களும் மீன் லாரிகளும் நெரியும் அந்தச் சாலையோரத்தில், கனமான பழைய செங்கல் மதில் ஒன்று துண்டாக நிற்கிறது. அதன் மேலேயே பூங்கா அமைத்ததால் ஊர்க்காரர்கள் வைத்த பெயர், 'மாடிப் பூங்கா'.

நகரத்தின் வடக்கு எல்லையாக ஒரு காலத்தில் நீண்டு கிடந்த மதிலின் மிச்சம் இது. கடல் பக்கத்து முனையில் பேட்டரி, மேற்குப் பக்கத்தில் இன்றைய வால்டாக்ஸ் ரோடு. இவ்வளவு பெரிய மதிலை ஆங்கிலேயர்கள் யாருக்குப் பயந்து கட்டினார்கள்? ஹைதர் அலி என்பது பாதி பதில். மீதி பதில் ஒரு ஐரிஷ் குடும்பப் பெயர். லாலி.

நமக்கு லாலி என்றால் ஊஞ்சலும் கல்யாணப் பாட்டும்தான். 1758 டிசம்பரில் இந்த ஊர் ஜனங்களுக்கு அது வேறு மாதிரி ஒலித்திருக்கும்.

அந்த மாதம் 14-ம் தேதி, பிரெஞ்சுத் தளபதி தாமஸ் ஆர்தர் லாலி தன் படையுடன் கறுப்பர் நகருக்குள் நுழைந்தார். இன்றைய ஜார்ஜ் டவுன்தான் அது. முத்தியால்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும் சேர்ந்த ஊர். தடுக்க உருப்படியான அரண் எதுவும் இல்லை. வீரர்கள் வீடுகளிலும் கடைகளிலும் புகுந்து கொள்ளையடித்தார்கள். கிடைத்த சாராயத்தைக் குடித்துவிட்டுத் தெருவில் தள்ளாடினார்கள். விஷயம் தெரிந்ததும் கோட்டையிலிருந்து கர்னல் டிரேப்பர் ஒரு படையோடு பாய்ந்து வந்தார். தெருக்களிலேயே சண்டை. பிரெஞ்சுத் தரப்பின் முக்கிய அதிகாரி தெஸ்தேன், ஆங்கிலேயப் படையைத் தன் படை என்று நினைத்து அருகில் போய் மாட்டிக்கொண்டார். மாட்டாமல் என்ன செய்வார்? லாலியுடன் வந்த ஐரிஷ் ரெஜிமென்ட்டுக்கும் சிவப்புக் கோட்டுதான், ஆங்கிலேயர்களுக்கும் சிவப்புக் கோட்டுதான்.

பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் முற்றுகை. கோட்டைக்கு வடக்கே கடற்கரையோரம் பீரங்கி மேடை போட்டார் லாலி. துறைமுகம் கட்டப்படாத காலம் அது. இன்றைய ராஜாஜி சாலை வரை அலை வந்து அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே கவர்னர் பிகாட்டும் தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸும் அசையவில்லை. வெளியே லாலியிடம் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை, வெடிமருந்து குறைந்துகொண்டே வந்தது, சொந்த அதிகாரிகளோடு தினமும் சண்டை. 1759 பிப்ரவரி 16-ம் தேதி மாலை கடலில் ஆங்கிலேயக் கப்பல்கள் தெரிந்தன. அன்று இரவே முற்றுகை முடிந்தது. பெரிய பீரங்கிகளையும் நடக்க முடியாத நோயாளிகளையும் விட்டுவிட்டு பிரெஞ்சுப் படை கிளம்பியது.

சரி, பிரெஞ்சுத் தளபதிக்கு எப்படி ஐரிஷ் பெயர் வந்தது?

அயர்லாந்தின் மேற்கில், கால்வே மாவட்டத்தில் இருந்த பழைய குடும்பம் ஒன்றின் பெயர் 'ஓ மீலாலி'. ஐரிஷ் பெயர்களின் முன்னால் வரும் 'ஓ' என்றால் பேரன், வழித்தோன்றல். 'மாக்' என்றால் மகன். (மாக், மகன் – ஒலி ஒற்றுமை தற்செயல்தான், உடனே லெமூரியா வரை போய்விட வேண்டாம்!) பெண்களுக்கு வேறு முன்னொட்டு. மகள் என்றால் 'நீ', மருமகளாக வந்தவர் என்றால் 'ஈ'. ஒரு பெண்ணின் பெயரைக் கேட்டாலே பிறந்த வீட்டுப் பெயரா, புகுந்த வீட்டுப் பெயரா என்று தெரிந்துவிடும். நம் இனிஷியல் அப்பாவோடு நின்றுவிடுகிறது. அவர்களுடையது பல நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு தாத்தாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

'ஓ'வுக்கு அடுத்து வரும் 'மீல்' இன்னும் சுவாரஸ்யம். அதன் அர்த்தம், மொட்டை. தலையை மழித்துக்கொண்டு துறவிபோல ஒரு புனிதருக்குத் தொண்டு செய்கிறவர் என்ற பொருளில் அது பெயர்களில் ஒட்டிக்கொண்டது. மலோன் என்ற ஐரிஷ் பெயரை நம் வழக்கில் 'யோவான் அடியான் வம்சம்' என்று சொல்லலாம். பழநிக்கும் திருப்பதிக்கும் மொட்டை போடுகிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இந்தக் குடும்பம் முதலில் இருந்தது லோக்ரே ஏரிப் பக்கம். நார்மன் வம்சத்து பர்க் குடும்பம் அவர்களைத் தள்ளியது. வடக்கே டூவம் அருகே, 'சபை கூடும் குன்று' என்று பொருள்படும் டுல்லகநடாலி என்ற ஊருக்கு நகர்ந்தார்கள். இன்று அயர்லாந்து நாடாளுமன்றத்தின் கீழவைக்கு 'டால்' என்று பெயர். அதே சொல்தான் இந்த ஊர்ப் பெயரிலும் இருக்கிறது.

நிலம் போன மாதிரியே பெயரும் தேய்ந்தது. 1465-ல் ஒரு சட்டம் வந்தது. டப்ளினைச் சுற்றி ஆங்கிலேயர் பிடியில் இருந்த பகுதியில் வாழும் ஐரிஷ்காரர்கள், ஏதாவது ஓர் ஊரின் பெயரையோ, நிறத்தின் பெயரையோ, தொழிலின் பெயரையோ குடும்பப் பெயராக வைத்துக்கொள்ள வேண்டும் என்றது அது. கால்வே அந்தப் பகுதிக்கு வெளியே. ஆனாலும் அடுத்தடுத்த நூற்றாண்டுகளில் ஆங்கிலேயர் ஆட்சி பரவப் பரவ, நாடு முழுக்க 'ஓ'வும் 'மாக்'கும் உதிர்ந்தன. 'ஓ மீலாலி' முதலில் முல்லாலி ஆனது. பிறகு மொட்டையும் போய் வெறும் லாலி.

வடசென்னைக்காரர்களுக்கு இது புதுக்கதை இல்லை. திருவொற்றியூரை ஆங்கிலேயர்களின் பழைய வரைபடங்களில் 'டிரிவட்டூர்' என்று எழுதினார்கள். இராயப்பர், அதாவது புனித பேதுருவின் பெயரால் வந்த இராயபுரம், ஆங்கில எழுத்தில் 'ரோயபுரம்' ஆகி ரயில்வே போர்டிலும் ஏறியது. எழுதுகிறவர் காதில் எப்படி விழுகிறதோ அதுதான் பதிவேட்டில் பெயர். நம் ஊர்ப் பெயர்களுக்கு நேர்ந்தது அங்கே ஆட்களின் பெயர்களுக்கு நேர்ந்தது.

1689 முதல் 1691 வரை அயர்லாந்தில் நடந்த போரில் லாலி குடும்பம் கத்தோலிக்க மன்னர் ஜேம்ஸின் பக்கம் நின்றது. ஜேம்ஸ் தோற்றார். 1691 லிமெரிக் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கான ஐரிஷ் வீரர்கள் பிரான்ஸுக்குக் கப்பலேறினார்கள். 'காட்டு வாத்துகள்' என்று அவர்களுக்குப் பெயர். அப்படிப் பிரான்ஸில் வேர்விட்டவர்களில் ஒருவர் ஜெரார்டு லாலி. அவருடைய மகன்தான் நம் தாமஸ் ஆர்தர். 1702-ல் பிரான்ஸின் ரோமான்ஸ் நகரில் பிறந்தவர். பறிபோன ஊரின் பெயரைப் பிரெஞ்சு வாய்க்கு ஏற்றபடி 'தொலாந்தால்' ஆக்கி, லாலியோடு சேர்த்துக்கொண்டார். லாலி தொலாந்தால். நிலம் இல்லை, பத்திரம் இல்லை, பெயரில் மட்டும் ஊர் இருக்கிறது.

ஆங்கிலேயர்கள் மீது அவருக்கு இருந்த கோபம் நியாயமானது. 1758 ஏப்ரலில் புதுச்சேரியில் வந்து இறங்கியதும், ஜூனிலேயே கடலூர் புனித டேவிட் கோட்டையைப் பிடித்தார். ஆனால், அந்தக் கோபத்துக்கு விலை கொடுத்தவர்கள் யார்? கடலூருக்குச் சுமை தூக்கவும் வண்டி இழுக்கவும் ஆள் போதவில்லை என்று புதுச்சேரி மக்களைப் பலவந்தமாகப் பிடித்துப்போனார்கள். தஞ்சாவூர் போகும் வழியில் கீழ்வேளூர் கோயிலில் புதையல் தேடித் தோண்டினார்கள், கிடைக்கவில்லை. கோயில் பிராமணர்கள் சிலரை உளவாளிகள் என்று சொல்லி பீரங்கி வாயில் கட்டிச் சுடவைத்தார் லாலி. சொந்த ஊரிலிருந்து துரத்தப்பட்ட குடும்பத்துப் பிள்ளை, இன்னொருவர் ஊரில் இதைச் செய்தார். காட்டு வாத்து வீரக்கதைகளோடு இதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

சென்னை முற்றுகைக்குப் பிறகு லாலிக்கு இறங்குமுகம்தான். 1760 ஜனவரி 22, வந்தவாசி. அங்கே அவரைத் தோற்கடித்த ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், லிமெரிக் பகுதியில் பிறந்தவர்! அவர் குடும்பமும் அயர்லாந்துதான், ஆனால் இங்கிலாந்திலிருந்து போய்க் குடியேறி நிலம் பெற்ற குடும்பம். நிலம் இழந்த பெயரும் நிலம் பெற்ற பெயரும் ஆரணிக்குப் பக்கத்தில் மோதிக்கொண்டன. ஓராண்டு கழித்து, 1761 ஜனவரியில் புதுச்சேரியும் கூட்டிடம் சரணடைந்தது. லாலி கைதியாகச் சென்னைக்கு வந்தார். பீரங்கியால் திறக்க முடியாத ஊர் அப்படித்தான் அவருக்குத் திறந்தது. அங்கிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள்.

இந்தியாவைத் தொலைத்த பழி யார் மேலாவது விழ வேண்டுமே! லாலி துரோகி என்று பிரான்ஸில் பேச்சு. பதில் சொல்கிறேன் என்று அவரே கேட்டு பாரிஸ் போனார். பாஸ்டில் சிறை, வழக்கு. 1766 மே 9-ம் தேதி, வாயில் துணி அடைத்து, பொது இடத்தில் வைத்துத் தலையை வெட்டினார்கள். கர்வக்காரர், முன்கோபி, திறமை போதாதவர் என்று என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். துரோகி இல்லை.

அவருக்கு ஒரு மகன் இருந்தான். முறைப்படி கல்யாணம் ஆகாமல் பிறந்த பிள்ளை என்பதால், 'த்ரோஃபீம்' என்ற பெயரில் மட்டும் பள்ளியில் படித்துவந்தான். தன் அப்பா யார் என்று அவனுக்குத் தெரியவந்தது, அப்பாவின் தலை வெட்டப்பட்ட நாளில்தான் என்கிறார்கள். அப்போது வயது 15. அந்தப் பிள்ளை அந்தப் பெயரை எடுத்துக்கொண்டான். வால்டேர் துணைக்கு வந்தார். 1778-ல் அரச சபை பழைய தீர்ப்பை ரத்து செய்தது. அதோடு நிற்காமல், பல ஆண்டுகள் மன்றம் மன்றமாக வாதாடி அப்பாவின் பெயருக்காக நின்றார் த்ரோஃபீம் ஜெரார்டு லாலி தொலாந்தால். பின்னாளில் பிரெஞ்சுப் புரட்சியின் ஆரம்பக் கட்டத்தில் முக்கியமான அரசியல்வாதியாகவும் இருந்தார்.

இந்தப் பக்கம், சென்னை ஆங்கிலேயர்களுக்கு லாலி ஒரு பாடம். கறுப்பர் நகருக்கு மதில் இல்லையென்றால், கோட்டைக்கு வருகிற எதிரி அங்கேதான் தங்குவான், சாப்பிடுவான், பீரங்கியும் வைப்பான். 1760-களில் மதில் வேலை தொடங்கியது. 1769-ல் ஹைதர் அலியின் குதிரைப்படை பரங்கிமலைப் பக்கம் வந்து நின்றதும் வேகம் பிடித்தது. கான்ட்ராக்ட் எடுத்தவர் பால் பென்ஃபீல்டு. மதிலுக்கான செலவை ஊர் மக்கள் தலையில் வரியாகக் கட்டப் பார்த்தார்கள். வால்டாக்ஸ் ரோடு பெயர் அதிலிருந்து வந்ததுதான். வரி கடைசிவரை வசூலாகவே இல்லை என்பார்கள். கொள்ளை போனதும் அவர்கள் வீடு, பில்லும் அவர்களுக்கே என்றால் யார்தான் கொடுப்பார்கள்?

லாலியின் பெயரைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். கோயம்புத்தூர் 'லாலி ரோடு' இவருடையது இல்லை. 1906 முதல் 1911 வரை சென்னை கவர்னராக இருந்த ஆர்தர் லாலேயின் பெயர்தான் அங்கே லாலி ஆகிவிட்டது. உண்மையான லாலி தொலாந்தால் வீதி புதுச்சேரியில், பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியில் இருக்கிறது. வடசென்னையில் அவர் பெயரில் தெரு கிடையாது. வண்ணாரப்பேட்டை அல்லது மண்ணடி மெட்ரோவில் இறங்கி, பழைய ஜெயில் சாலையில் மாடிப் பூங்கா எங்கே என்று கேளுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் போய்விட்டால் மதிலை ஒட்டி நிதானமாக நடக்கலாம்.