தார் முடியும் இடம் வரை

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்த ஒருவனிடம் நண்பர்கள் அரசியல் கேட்பார்கள் என்று நினைப்பீர்கள். எனக்கு வரும் கேள்வி வேறு. "ஊருக்கு வருகிறேன். கார் ஓட்டுவதற்காகவே இரண்டு நாட்கள் ஒதுக்கியிருக்கிறேன். எந்த வீதியில் போகலாம்?" ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் இதையே கேட்கிறார்கள். செய்தி தேடி நாடெங்கும் அலைந்தவனுக்கு வீதிகள் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை. தனித்தனியாகப் பதில் எழுதிச் சலித்துவிட்டது. ஆகவே எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

என் பதில் எப்போதும் சப்ரகமுவதான். நுவரெலியாவுக்கும் எல்லவுக்கும் எல்லோரும் போகிறார்கள். அதனால் வளைவுக்கு வளைவு சுற்றுலா வேன்கள். கேகாலை, இரத்தினபுரி ஆகிய இரு மாவட்டங்களையும் பெரும்பாலோர் வேறெங்கோ போகும் அவசரத்தில் கடந்துவிடுகிறார்கள். இறப்பர், தேயிலை, நெல்வயல், இரத்தினக்கல் குழி, மழைக்காடு என்று அரை மணிக்கு ஒருமுறை நிலம் மாறும் வேறொரு மாகாணத்தை நான் இந்நாட்டில் கண்டதில்லை.

இந்த வீதிகள் ஏன் இப்படி வளைகின்றன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் வீதியை ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820இல் தொடங்கினார். இராஜகாரியம் என்ற கட்டாய உழைப்பு முறையில் கிராமத்து மக்களே அதை வெட்டினார்கள். பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக எழுந்த கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கிறது. வெட்டி மாண்டவர்களுக்குக் கோபுரம் எதுவும் இல்லை. பிறகு கோப்பி வந்தது, கோப்பி அழிந்து தேயிலையும் இறப்பரும் வந்தன. பாரம் ஏற்றிய மாட்டுவண்டி செங்குத்தாக ஏறாது. மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றித்தான் ஏறும். மாட்டுக்காக இட்ட அந்தச் சரிவைத்தான் இன்று நாம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இரசிக்கிறோம். களனிப் பள்ளத்தாக்குக் குறுகிய ரயில் பாதை 1902இல் அவிசாவளைக்கும், 1912இல் இரத்தினபுரிக்கும், 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் வந்து சேர்ந்தது. அவிசாவளைக்கு அப்பால் அது கைவிடப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. எனவே இங்கே பயணம் என்றால் வீதிதான்.

இனி நான் பரிந்துரைக்கும் மூன்று வீதிகள்.

முதலாவது, கேகாலையிலிருந்து புளத்கொஹுபிட்டிய வழியாகக் கரவனெல்லைக்குச் செல்லும் ஏ21. மலைவீதி ஓட்டிப் பழகாதவர்கள் இதில்தான் தொடங்க வேண்டும். தாழ்ந்த குன்றுகள், அளவான வளைவுகள், இருபுறமும் இறப்பர். ஜனவரி, பெப்ரவரியில் இறப்பர் இலையுதிர்த்து, செம்பு நிறத் தளிர் விடும் காலத்தில் போனால் வெயில் வீதியில் சல்லடையாக விழும். காலை ஆறு மணிக்குப் போனால் பால்வெட்டும் தொழிலாளர்களை ஒவ்வொரு மரத்தடியிலும் பார்க்கலாம். கரவனெல்லையில் ஏ7 வீதியைப் பிடித்து எட்டியாந்தோட்டை வழியாகக் கித்துல்கலைக்குப் போய்விடலாம். 1957இல் வெளிவந்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்தின் பாலம் அங்கே களனி கங்கையின் மேல்தான் கட்டப்பட்டு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. கித்துல்கலையைத் தாண்டிக் கினிகத்தேனைக்கு ஏறும்போது இறப்பர் பின்தங்கித் தேயிலை தொடங்கும். காரின் கண்ணாடியை இறக்கியிருந்தால், காற்று குளிர்வதிலிருந்தே ஏறிய உயரத்தை உணரலாம்.

இரண்டாவது, என் மனதுக்கு மிக நெருக்கமானது. பெல்மதுளையில் ஏ18இல் திரும்பி, காவத்தை கடந்து மாதம்பைக்கு வாருங்கள் (சிலாபத்துக்கு அருகிலுள்ள மாதம்பையுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்). அங்கிருந்து ஏ17 வீதி இறக்குவானை வழியாகப் புலுத்தோட்டைக் கணவாயில் ஏறிச் சூரியகந்தையைத் தொட்டுத் தெனியாயவுக்கு இறங்குகிறது. இறக்குவானையைத் தாண்டியதும் பத்துக் கொண்டை ஊசி வளைவுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. மேலே நின்று திரும்பிப் பார்த்தால் நாம் ஏறி வந்த வீதி துண்டு துண்டாகக் கீழே கிடக்கும். தெளிவான நாளில் எம்பிலிப்பிட்டியப் பக்கத்துச் சமவெளி வெகுதூரம் தெரியும். மேற்கே, 1988இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட சிங்கராஜ வனம். வளைவுக்குள் நுழையுமுன் கியரைக் குறைத்து, பிரேக்கை விட்டு, வளைவின் நடுவிலிருந்து மெல்ல வேகம் கொடுத்து வெளியேறினால், பத்தாவது வளைவில் காரும் நீங்களும் ஒரே தாளத்துக்கு வந்துவிடுவீர்கள்.

இந்த வீதியைப் பற்றி எழுதும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட என் தொழில் அனுமதிக்கவில்லை. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் தமிழர்கள் தாக்கப்பட்டு, லயன்கள் எரிக்கப்பட்டன. 1983 ஜூலையில் மீண்டும் அதே அவலம். தலைமுறை தலைமுறையாக இம்மலைகளில் உழைத்த குடும்பங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இவ்வீதிகள் வழியாக வெளியேறின. வன்னியில் குடியேறியவர்கள் உண்டு. தமிழ்நாட்டுக்குப் போனவர்களும் உண்டு. இதை வாசிக்கும் சிலரின் பெற்றோர் அவர்களுள் இருக்கக்கூடும்.

மூன்றாவது, பலாங்கொடையிலிருந்து பொகவந்தலாவைக்கு ஏறும் வீதி. இது அனுபவசாலிகளுக்கு. குறுகலானது, மூடுபனி அதிகம், ஆள் நடமாட்டம் குறைவு. சப்ரகமுவவின் வெப்பத்தில் தொடங்கி மத்திய மலைநாட்டின் குளிரில் முடியும். பிற்பகலில் தொடங்காதீர்கள். பலாங்கொடை நகரில் முச்சக்கர வண்டிக்காரர்களிடம் வீதியின் நிலையை விசாரித்த பின்பே ஏறுங்கள். எந்த வரைபடமும் அவர்கள் அளவுக்குச் சரியான தகவல் தராது. இது வேண்டாம் என்பவர்களுக்குப் பலாங்கொடையிலிருந்து பெலிஹுல்ஓயாவுக்குச் செல்லும் ஏ4 இருக்கிறது. அகலமான, விரைவாக எடுக்கக்கூடிய வளைவுகள். இடப்பக்கம் மலைச்சுவர், வலப்பக்கம் பள்ளத்தாக்கு.

சில நடைமுறைக் குறிப்புகள். வெளிநாட்டு அனுமதிப்பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே ஓட்ட முடியாது. உள்ளூர் அங்கீகாரம் பெற வேண்டும். நகருக்கு வெளியே காருக்கு மணிக்கு 70 கிலோமீற்றர் என்பது சட்டம்; இந்த வீதிகளில் 40ஐத் தொட்டாலே நல்ல ஓட்டம்தான். ஏறிவரும் வாகனத்துக்கு இறங்குபவர் வழிவிடுவது மலைநாட்டு மரபு. மறைவான வளைவில் ஹோர்ன் அடிப்பது இங்கே மரியாதைக் குறைவு ஆகாது. அடிக்காமல் வருவதுதான் மரியாதைக் குறைவு. பிற்பகலில் கொழுந்து ஏற்றிய லொறிகளும், ஒன்றரை மணியளவில் பாடசாலைப் பிள்ளைகளும் வீதியில் இருப்பார்கள். பெரிய கார் வேண்டாம். 2020 மார்ச்சிலிருந்து ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கார் இறக்குமதி தடைப்பட்டிருந்த நாட்டில் பழைய கார்களுக்குப் பஞ்சமில்லை. நான் வைத்திருக்கும் மொறிஸ் மைனர் இந்தச் சரிவுகளில் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே ஏறும், ஆனால் ஏறிவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மழை. இரத்தினபுரி மாவட்டத்தின் ஈரமான பகுதிகளில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் பெய்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவம். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை. 2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே மழையில் புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. அங்கு மட்டும் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். நான் முதலாவதாகப் புகழ்ந்த ஏ21 அந்த ஊரின் வழியாகத்தான் போகிறது. 2025 நவம்பர் 22 அன்று கீழ்க்கடுகண்ணாவையில் பாறை சரிந்து வீதியோரக் கடையில் இருந்தவர்களைக் கொன்றது. ஒரு வாரத்துக்குள் டித்வா புயல் வந்து மலைநாட்டையே புரட்டிப் போட்டது. ஆகவே மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் புறப்படக்கூடாது. ஜனவரி முதல் மார்ச் வரை வருவதே உத்தமம்.

இத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆர்வமுள்ள எந்த ஓட்டுநரும் பெருவீதியோடு நிற்பதில்லை. கிளைவீதி கண்ணைப் பறிக்கும். தோட்டத்தின் பெயர்ப்பலகையோடு ஒரு பாதை மேலே ஏறுவதைப் பார்த்தால் அதன் உச்சியில் என்ன இருக்கிறது என்று கை தானாகத் திரும்பும். அப்படித் திரும்பியவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே அனுபவம்தான். பலகை வரை தார். பலகையைத் தாண்டினால் கல்லும் குழியும்.

இது தற்செயல் அன்று. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. அடுத்த தரத்தவை மாகாணத்துக்கு உரியவை. கிராமத்து வீதி பிரதேச சபைக்கு உரியது. தோட்டத்துக்குள் இருக்கும் வீதி தோட்டத்துக்கே உரியது. தனியார் தோட்டங்களை 1972இலும் கம்பனித் தோட்டங்களை 1975இலும் அரசு எடுத்துக்கொண்டது. 1992இல் நிர்வாகத்தை மீண்டும் கம்பனிகளிடம் கொடுத்தது. இத்தனை கைமாறியும் வீதியின் நிலை மாறவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பிரதேச சபை தன் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக இருந்தது. தோட்ட மக்கள் அந்தச் சபைக்கு வாக்களித்தார்கள். அவர்கள் வாக்கில் உறுப்பினர்கள் தெரிவானார்கள். ஆனால் அவர்கள் வாசலில் ஒரு கூடைத் தார் கொட்டச் சபைக்கு வழியில்லை. 2018இல்தான் பாராளுமன்றம் அதைத் திருத்தியது. 31 ஆண்டுகள்! சட்டப் புத்தகம் வாசிக்காதவர்கள்கூடக் காரின் சக்கரத்தில் அந்தப் பிரிவை வாசிக்கலாம்.

இறக்குவானைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பலகைக்குக் கீழே காரை நிறுத்தி நின்றபோது முச்சக்கர வண்டி ஓட்டும் இளைஞர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். மேலே லயனில் பிறந்து வளர்ந்தவர். நல்ல ரோட்டைத் தேடி ஊர் சுற்றுகிறேன் என்றேன். சிரித்துவிட்டுச் சொன்னார்:

"நல்ல ரோடுன்னா என்னான்னு எங்கள கேளுங்கய்யா. வலி வந்த பொம்பளைய ஏத்திக்கிட்டு ராத்திரி எறங்குவோம். ஆசுபத்திரி போயி சேர்ற வரைக்கும் அவ கம்பிய புடிக்காம உக்காந்து வந்தான்னா, அது நல்ல ரோடு."

வாகனம் ஓட்டுவதைப் பற்றி நான் வாசித்த எந்த நூலிலும் இவ்வளவு தெளிவான வரைவிலக்கணம் இல்லை. மேடு பள்ளம் தெரியாமல், தூக்கிப் போடாமல், பக்கத்தில் இருப்பவரின் உடம்பு அலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது. நாம் பொழுதுபோக்காகச் செய்வதும் அதுவே. அவருக்கு அது நள்ளிரவுப் பிழைப்பு. கியரைப் பற்றியும் சரிவைப் பற்றியும் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். மழையில் எந்தக் குழி எவ்வளவு ஆழம் என்பது அவருக்கு மனப்பாடமாக இருந்தது. நான் கண்ட மிகச் சிறந்த மலைவீதி ஓட்டுநர் அவர்தான் என்று தயங்காமல் எழுதுவேன்.

ஆகவே நண்பர்களே, மூன்று வீதிகளிலும் ஓட்டுங்கள். வளைவுகளை ஆசை தீர இரசியுங்கள். அத்துடன் ஏதாவது ஒரு தோட்டப் பலகையில் அனுமதி கேட்டு, முதல் கியரில் அரை மைல் மேலே போய்வாருங்கள். நம் காசில் வாடகைக்கு எடுத்த கார் எங்கே முனகத் தொடங்குகிறது என்று பாருங்கள். பெட்டிக்கடையில் ஒரு பிளேன்டீ குடியுங்கள். ஊருக்குத் திரும்பியதும், வளைவுகளைப் பற்றிச் சொல்லும் அதே வாயால் அந்த அரை மைலைப் பற்றியும் நாலு பேரிடம் சொல்லுங்கள்.

சட்டம் திருத்தப்பட்ட பிறகு, நான் சொன்ன அந்தத் தோட்டத்துக்கும் கொங்கிரீட் வந்திருக்கிறது. கடைசியாகப் போனபோது பார்த்தேன். பலகையிலிருந்து கொழுந்து லொறி போகும் தொழிற்சாலை வாசல் வரை அருமையாகப் போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து லயனுக்கு ஏறும் இரண்டு வளைவுகள் இன்னமும் கல்லாகவே கிடக்கின்றன.